கை கழுவுற இடத்துல ஒரு சத்தம்

கச்சேரிக் கதைன்னு சொன்னதும் நீங்க எதை எதிர்பார்த்து நிமிர்ந்து உக்காந்திருக்கீங்கன்னு தெரியாதா என்ன. பெரிய வித்துவான் ஒருத்தர் வரணும், கண்ணை மூடணும், வாசிக்கணும், வானம் இருட்டி மழை கொட்டணும், மாடு கண்ணீர் விடணும், கடைசியில நீங்க மூக்கை உறிஞ்சிக்கிட்டு "சங்கீதம்னா இது சங்கீதம்"னு தலையாட்டிட்டுப் போகணும். அதெல்லாம் இதுல கிடையாதுங்க. மழை இல்ல. மாடு மாடிப்படி ஏற மாட்டேன்னு அடம் பிடிச்சிருச்சு, அதனால கயிறு மட்டும் வருது. வித்துவான்னு ஒருத்தர் வர்றாரு, ஆனா அவரு வாசிக்க ஆரம்பிச்சா உங்க கை மொதல்ல தேடறது செருப்பை. எறியறதுக்கு இல்ல, மாட்டிக்கிட்டுக் கெளம்பறதுக்கு.

அவரு பேரு சென்னியப்பன். உடுமலைப்பேட்டையில, தளி ரோட்டுல, மோட்டாருக்குக் காயில் கட்டுற கடை வெச்சிருந்தாரு. அம்பத்திமூணு வயசு. தோட்டத்துக்காரங்க மக்கர் பண்ற மோட்டாரைக் கொண்டாந்து எறக்கினா தொட்டுக்கூடப் பார்க்க மாட்டாரு. ஸ்விட்சைத் தட்டச் சொல்லிட்டு ரோட்டைப் பார்த்துத் திரும்பி நின்னுக்குவாரு. 'ர்ர்ரூம்'னு ஒரு சுத்து சுத்தும். "நிறுத்துங்க. பின்பக்கத்து பேரிங் போச்சு. காயில்ல மூணு சுத்து கம்மி. போன தடவை இதைக் கட்டினவன் அவசரக்காரன்." அவ்வளவுதான். பிரிச்சுப் பார்த்தா மூணு சுத்து கம்மியா இருக்கும். நாலு இல்ல, ரெண்டு இல்ல, மூணு. உடுமலையில சென்னியப்பன் காது ஏமாந்துச்சுன்னு சொன்னவங்க அன்னிக்கு வரைக்கும் யாரும் இல்ல.

காது அப்படி அமைஞ்சதுதான் வினையாப் போச்சு. ஒரு நாள் பஜனையில யாரோ ஆர்மோனியம் வாசிச்சுட்டு இருக்க, இவருக்கு ஒரு சந்தேகம் வந்திருச்சு. இந்தக் கட்டையை அமுக்கினா ஒரு சத்தம், அடுத்த கட்டையை அமுக்கினா அடுத்த சத்தம், சரி, நடுவுல இத்தனை எடம் சும்மா கெடக்குதே, அங்க யாருமே குடியில்லையா? வீட்டுக்கு வந்து சம்சாரம் கலாமணிகிட்டச் சொன்னாரு. "உடுமலையில ஏறினா பொள்ளாச்சியிலதான் எறங்கணும்னு பஸ்ஸு விட்டா, கோலார்பட்டிக்காரன் எங்க போவான்? கோமங்கலத்துக்காரன் எங்க போவான்? எல்லா வாத்தியமும் எக்ஸ்பிரஸ் பஸ்ஸு ஓட்டிட்டு இருக்கறான், அம்மிணி. நடுவுல ஊரு ஊரா சனம் நின்னு கை காட்டுது."

கலாமணி ஜாக்கெட் தைக்கிறவங்க. வாயில குண்டூசியை வெச்சுக்கிட்டே "அப்ப டவுன் பஸ்ஸு விடுங்க"ன்னாங்க.

விட்டுட்டாரு. ஒரு பழைய கிட்டாரை வாங்கி, அதோட கழுத்துல குறுக்கால பதிச்சிருந்த கம்பி அத்தனையையும் கொறடு போட்டுப் புடுங்கி, உப்புக் காயிதம் போட்டு வழவழன்னு தேய்ச்சு, விரல் எங்க வேணும்னாலும் நிக்கலாம், எங்க வேணும்னாலும் வழுக்கலாம்ங்கற மாதிரி ஆக்கிட்டாரு. ஆறு வருசம் தனியா வாசிச்சாரு. அப்புறம் ஒரு தை மாசம் "இண்டு இடுக்கு"ன்னு பேரு வெச்சு, மாசாமாசம் ரெண்டாவது ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்கு, மொத்தம் இருபத்திநாலு கச்சேரி, அனுமதி இலவசம், முன்கூட்டி எதுவும் தயார் பண்ணி வாசிக்கப்பட மாட்டாதுன்னு நோட்டீஸ் அடிச்சு ஊரெல்லாம் ஒட்டினாரு. கடைசி வரியைப் படிச்ச பலபேரு மன்னிப்புக் கேக்கறாருன்னு நெனைச்சாங்க.

எடம் பாப்பம்மாள் மண்டபத்தோட மாடி, பந்தி போடுற ஹால். மேனேஜர் ராக்கியப்பன், பேசறதுக்கு முன்னாடி 'க்ஹும்'னு ஒரு செருமல் போடாம வாயைத் தெறக்காத மனுசன், "க்ஹும். முகூர்த்தம் இல்லாத நாளா இருந்தா வாசிச்சுக்கோங்க. பெஞ்சை நகத்தாதீங்க"ன்னு விட்டுட்டாரு. மொதக் கச்சேரிக்குப் பதினாலு பேரு. அதுல ஒம்பது பேரு ஏதோ விசேஷம்னு நெனைச்சு மேல வந்தவங்க. இலை போடுவாங்கன்னு பெஞ்சுல கையை ஊனிக்கிட்டுக் காத்திருந்து, முக்கா மணி நேரம் கழிச்சு ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டு எந்திரிச்சுப் போனாங்க. ரெண்டாவது கச்சேரியில கவர்மெண்ட் ஸ்கூல் பாட்டு டீச்சர் பர்வதவர்த்தினி முன்வரிசையில உக்காந்து, வாசிப்பு முடிஞ்சதும், "சார், ரொம்ப நல்லா இருந்துச்சு. சுருதி சேர்த்தது முடிஞ்சதுன்னா எப்ப ஆரம்பிக்கறீங்க?"ன்னு கேட்டாங்க.

சென்னியப்பன் கோவிச்சுக்கல. ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு நாள், ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் மூஞ்சியைப் பார்த்து உக்காந்து, அந்த நடு ஊர்ல எல்லாம் கூடவே எறங்கி ஏறி வந்தாப் போதும்னு நெனைச்சாரு. அவ்வளவுதான் ஆசை. பெரிய ஆசையா சொல்லுங்க?

பங்குனி மாசம், மூணாவது கச்சேரி. இருவத்தியோரு பேரு. பாதிப் பேரு மார்க்கெட்டுக்குப் போயிட்டு வர்ற வழி. கறிப்பையைக் காலுக்கு நடுவுல வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க, பூனை வந்துரும்னு ஒரு கண்ணு பை மேல, ஒரு கண்ணு கடிகாரத்து மேல. சென்னியப்பன் வாசிச்சுக்கிட்டே போறாரு, ரிஷபத்துலேர்ந்து கெளம்பி காந்தாரத்துக்குப் போற வழியில எறங்கி, நடந்து, ஒரு சந்துல திரும்பி, அந்தச் சந்துக்குள்ள இன்னொரு சந்துல திரும்பி, அவரே அதுவரைக்கும் போகாத ஒரு வாசல்ல போய் விரலை வெச்சு நின்னாரு. நின்ன உடனே அவருக்குத் தெரிஞ்சு போச்சு, இதுக்கு அடுத்து எங்க போகணும்னு. அடுத்த வீடு. மயிரிழை தள்ளி. ஆறு வருசமாத் தேடினது அங்கதான் இருக்குது. விரலை எடுத்தாரு, போகறதுக்காக.

விரலை எடுத்ததும் கம்பி நின்னுருச்சு. சத்தம் நிக்கல.

'ஙொய்ய்ய்ம்'னு ஒரே சீரா, கம்பியை விட்டு எறங்கி, மொதல் வரிசைக்கு மேலாப்புல போயி, ஃபேனுக்கு அடியில ஒரு வளைவு வளைஞ்சு, பந்தி ஹாலோட எடது கோடியில கை கழுவுறதுக்கு ஆறு குழாய் வெச்சிருப்பாங்களே, அதுல மூணாவது குழாய்க்கு மேல, ஆளு ஒசரத்துல, ஒரு மொறம் அகலத்துக்கு நின்னுக்கிச்சு. நின்னது நின்னதுதான். பக்கத்துல போனா பலமா, தள்ளி வந்தா மெதுவா, உள்ள தலையை விட்டா பல்லெல்லாம் லேசா கூசற மாதிரி. சென்னியப்பனுக்கு அடுத்த வீடு மறந்து போச்சு. இவரு பார்க்கறாரு, சனம் பார்க்குது.

ராக்கியப்பன்தான் கிட்டப் போயி, கையை விட்டுத் துளாவிப் பார்த்துட்டு வந்தாரு. "க்ஹும். இதை எடுத்துட்டுப் போவீங்களா, இங்கயே விட்டுட்டுப் போவீங்களா? சாயங்காலம் ஒரு சீர் இருக்குது."

"எடுக்கறதுக்கு அது என்னங்க பாத்திரமா?"

"பின்ன வெச்சுட்டுப் போறதுக்கு மட்டும் பாத்திரமா?"

ஜன்னலைத் தெறந்து விட்டாங்க. ஃபேனை அஞ்சுல வெச்சாங்க. ஒட்டடைக் குச்சியால தட்டிப் பார்த்தாங்க. சாம்பிராணி போட்டாங்க. சாம்பிராணிப் புகை அதைச் சுத்தி வளைஞ்சு போச்சே தவிர உள்ள நுழையல. சரி, கெடந்துட்டுப் போகுது, யாரையும் கடிக்கலையேன்னு விட்டுட்டு, சாயங்காலம் சீருக்கு வாழை மரம் கட்டப் போயிட்டாங்க.

அந்தச் சீர்லதான் சங்கதி ஆரம்பிச்சுது. பொண்ணோட அத்தை ஒருத்தங்க, அண்ணன்கூடப் பதினோரு வருசமாப் பேச்சுவார்த்தை இல்ல. சாப்ட்டுட்டு மூணாவது குழாய்ல கையை நீட்டினவங்க, ரெண்டு கையும் ஈரமா அப்படியே நின்னு, பக்கத்துக் குழாய்ல நின்ன அண்ணனைப் பார்த்து, "ரசம் நல்லா இருந்துச்சில்ல?"ன்னுட்டாங்க. "உப்பு ஒரு கல்லு கம்மி"ன்னாரு அண்ணன். அதோட பதினோரு வருசம் முடிஞ்சுது. மறுநாளே உடுமலை பூரா தெரிஞ்சு போச்சு. மறு வாரமே பாகம் பிரிச்சதுல முட்டிக்கிட்ட அண்ணன் தம்பிங்களை ஆளுக்கு ஒரு பக்கமாப் புடிச்சு இழுத்துட்டு வந்து குழாய்கிட்ட நிறுத்தினாங்க. அப்புறம் முட்டி வலிக்காரங்க வந்தாங்க, சோறு திங்காத கொழந்தைங்களைத் தூக்கிட்டு வந்தாங்க, புளிக்காத தோசை மாவைத் தூக்குப் போசியில கொண்டாந்து அடியில வெச்சு அரைமணி நேரத்துல பொங்கப் பொங்க எடுத்துட்டுப் போனாங்க, பால் எறக்காத எருமையை ஓட்டிட்டு வந்து, அது படி ஏற மாட்டேன்னதும், கழுத்துக் கயித்தை மட்டும் அவுத்துட்டு வந்து சத்தத்துல நனைச்சுக் கொண்டுபோய்க் கட்டி, அது ஒரு வேளைக்கு மூணு லிட்டர் கறந்துச்சுன்னு சொன்னாங்க. பர்வதவர்த்தினி டீச்சர்கூட எட்டாங்கிளாஸ் புள்ளைங்களை வரிசையாக் கூட்டிட்டு வந்து, "நல்லாக் கேட்டுக்கோங்க, இப்படித்தான் பாடக் கூடாது"ன்னு காட்டிட்டுப் போனாங்க. அடுத்த வருசம் அந்தக் கிளாஸ் மாவட்டத்துலயே மொதல்ல வந்துச்சு.

கமிட்டி போடாம இருப்பாங்களா? ஓசைக் கமிட்டின்னு போட்டு, ராக்கியப்பன் செயலாளர், டீச்சர் துணைத்தலைவர். டோக்கன் வந்துச்சு. ஆம்பளைக்குத் தனி வரிசை, பொம்பளைக்குத் தனி வரிசை. குழாய்க்கு மேல மாலை போட்டாங்க. மாலை காத்துல தொங்கறதுக்கு ஆணி இல்லைன்னு யாரும் யோசிக்கல, போட்டாங்க, சத்தத்து மேலயே அது தொங்குச்சு. அடுத்த முகூர்த்தத்துக்கு அந்த மாலையை எடுத்துட்டுப் புது மாலை போட்டாங்க.

சென்னியப்பன் கச்சேரிக்கும் கூட்டம் வந்துச்சு. நாலாவதுக்கு அறுவது பேரு. ஏழாவதுக்கு எரநூறு. பத்தாவதுக்கு எடமே இல்ல. ஆனா எல்லாரும் பெஞ்சைத் திருப்பிப் போட்டுக்கிட்டு, கை கழுவுற எடத்தைப் பார்த்து, சென்னியப்பனுக்கு முதுகைக் காட்டி உக்காந்திருந்தாங்க.

எரநூறு முதுகு. முதுகுலயே ஆளைக் கண்டுபிடிக்கப் பழகிட்டாரு மனுசன். இந்தப் பச்சைச் சட்டை பஞ்சு மில்லுக்காரர், இந்தக் கனகாம்பரம் போஸ்டாபீஸ் அம்மா, இந்த வழுக்கை நம்ம மச்சான், அட, இவனும் அந்தப் பக்கமா! வாசிச்சுப் பார்த்தாரு. எதை வாசிச்சாலும் அந்த 'ஙொய்ய்ய்ம்' போய் மோதிக்கிட்டு நிக்குது. ஒதுங்கிப் போகலாம்னா இழுக்குது, கூடப் போகலாம்னா நகர மாட்டேங்குது. பாதி வார்த்தையில வாயைப் பொளந்துக்கிட்டு நின்ன ஆளு மாதிரி அது. மீதி வார்த்தை இவருக்குத்தான் தெரியும், இவருக்கு அது மறந்து போச்சு. கடையில மோட்டாரை ஓட விட்டாலும் அதே சத்தம், மிக்ஸியில சட்னி அரைச்சாலும் அதே சத்தம். வாசிச்சு முடிச்சா கை தட்டுவாங்க. திரும்பிப் பார்க்காமத் தட்டுவாங்க, குழாயைப் பார்த்து.

பதினாறாவது கச்சேரி நடந்துட்டு இருக்கும்போது ஒரு பெரியவரு எந்திரிச்சு, மேடைக்குக் கிட்ட வந்து, குனிஞ்சு, ரொம்ப மரியாதையாச் சொன்னாரு. "தம்பி, கோவிச்சுக்கப்படாது. கொஞ்சம் மெதுவா வாசிக்கறீங்களா? ஓசை கேக்க மாட்டேங்குது."

"அந்த ஓசையே நான் வாசிச்சதுதானுங்க!"

"ஆகட்டுங்க. அதான் வாசிச்சுட்டீங்களே. பொறவும் எதுக்கு?"

இந்தக் கேள்விக்குச் சென்னியப்பன் மூணு மாசம் பதில் யோசிச்சாரு. யோசிச்சு முடிக்கறதுக்குள்ள ஆடி மாசம் வந்து, கமிட்டி கூடி, தீர்மானம் போட்டிருச்சு. ராக்கியப்பன்தான் கடைக்கு வந்து சொன்னாரு. செருமல் ரெண்டு போட்டாரு அன்னிக்கு.

"க்ஹும். க்ஹும். பத்தொம்பது கச்சேரி ஆயிருச்சுங்க. இத்தோட நிறுத்திக்கலாம்னு அபிப்பிராயப்படறாங்க. ஓசைக்கு எடைஞ்சலா இருக்குதாம்."

"இருவத்திநாலுன்னு நோட்டீஸ்ல போட்டிருக்குதே!"

"போட்டிருக்குதுங்க. படிச்சோம்."

"ராக்கியப்பா, அது முடியல. அது பாதியில நிக்குது. அதுக்கு மிச்சம் ஒண்ணு இருக்குது, அதை மட்டும் நான் கண்டுபுடிச்சு வாசிச்சுட்டா அது தன்னால போயிரும். அதுவும் நிம்மதியாப் போயிரும், எனக்கும் தூக்கம் வரும்."

ராக்கியப்பன் மூஞ்சி சுண்டிப் போச்சு. "போயிருமா? முட்டி வலிக்காரங்க நூத்திநாப்பது பேரு டோக்கன் வாங்கி வெச்சிருக்காங்க, போயிரும்ங்கறீங்க!"ன்னு செருமக்கூட மறந்துட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு.

அன்னியிலிருந்து சென்னியப்பனுக்கு ஒரே நெனைப்பு. அடுத்த வீட்டைக் கண்டுபிடிக்கணும், அதைக் கச்சேரியில எல்லாரு முன்னாடியும் வாசிக்கணும், அது போகணும். போன பிறகு வர்ற அந்த அமைதியில, எத்தனை சின்ன அமைதியா இருந்தாலும் சரி, அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பாங்க. அப்ப வாசிக்கணும். அது ஒண்ணுதான். அதுக்கு ஹால் வேணும். ஹால் இல்லைன்னுட்டாங்க.

இதுக்கு நடுவுல ஆவணி பொறந்து ஒரு வாரம் கழிச்சு, என்ன நெனைச்சாரோ, அதே ராக்கியப்பன் ஒரு சீப்பு ரஸ்தாளிப் பழத்தோட கடைக்கு வந்தாரு. மூஞ்சியை நேராப் பார்க்க மாட்டேங்கறாரு. "க்ஹும். நீங்க மார்கழி வரைக்கும் நடத்திக்கோங்க. இருவத்திநாலுன்னு சொன்னா இருவத்திநாலுதான். சாவி வேணும்னாலும் வெச்சுக்கோங்க. எப்ப வேணும்னாலும் போய் வாசிச்சுப் பாருங்க."

"போயிரும்னு சொன்னனே, பயமில்லையா?"

"பார்த்துக்கலாமுங்க"ன்னு சொல்லிட்டுப் பழத்தை வெச்சுட்டுப் போயிட்டாரு.

சென்னியப்பனுக்கு அங்கயே சந்தேகம். ஆளுங்க இத்தனை சுளுவா வழிக்கு வந்தா அதுல ஏதோ வில்லங்கம் இருக்குதுன்னு அர்த்தம். இருந்தாலும் சாவியை வாங்கிக்கிட்டாரு. தெனம் விடிஞ்சதும் கடை தெறக்கறதுக்கு முன்னாடி மாடிக்குப் போயி, மூணாவது குழாய்க்கு அடியில ஸ்டூலைப் போட்டு உக்காந்து, சத்தத்துக்குள்ள தலையை வெச்சுக்கிட்டு, மயிரிழை மயிரிழையா விரலை நகத்தித் தேட ஆரம்பிச்சாரு. டோக்கன் வரிசை காணோம். கேட்டாரு. "புரட்டாசிங்க, எல்லாரும் விரதம்"னாரு ராக்கியப்பன். ஐப்பசியிலயும் காணோம். "அடை மழைங்க, எவன் வெளிய வருவான்"னாரு. கார்த்திகையில கேட்டதுக்கு, "பாதி ஊரு மலைக்கு மாலை போட்டிருக்குதுங்க"ன்னாரு. மாசத்துக்கு ஒரு காரணம் இல்லாம நம்ம ஊர்ல மாசமே பொறக்கறதில்லையே, சரின்னு விட்டுட்டாரு. ஆள் இல்லாதது அவருக்கும் சௌகரியமாத்தான் இருந்துச்சு.

கச்சேரியில இன்னொரு கூத்து. இருவதாவதுலேர்ந்து சனம் பெஞ்சைத் திருப்பிப் போட்டிருச்சு. மேடையைப் பார்த்து. எரநூறு மூஞ்சி, இவரை நேராப் பார்க்குது. இதுக்குத்தானே தவம் கெடந்தாரு? ஆனா சந்தோசப்பட முடியல. அந்தக் கண்ணுல ஒரு பார்வை இருக்குது பாருங்க, ஆஸ்பத்திரியில கட்டிலைச் சுத்தி நின்னு ஆப்பிளை நீட்டுவாங்களே, அந்தப் பார்வை. இவரு நெனைச்சுக்கிட்டாரு, ஓஹோ, நம்ம விரலைக் காவல் காக்கறாங்க, எங்க கண்டுபுடிச்சு வாசிச்சு ஓசையைத் தொரத்திருவானோன்னு கண்கொத்திப் பாம்பாட்டம் பார்க்கறாங்கன்னு. பச்சைச் சட்டைக்காரர் தாளம் வேற போடறாரு. தாளமே இல்லாத வாசிப்புக்குத் தாளம்! நக்கலு.

வீட்டுக்கு வந்து கலாமணிகிட்டப் பொரிஞ்சு தள்ளினாரு. "மூஞ்சியைப் பார்த்து உக்காந்துட்டா கேக்கறாங்கன்னு அர்த்தமா? ஒருத்தன் காதுலயாச்சும் விழுகுதா? எல்லாம் வேசம். பர்வதவர்த்தினி டீச்சரு இன்னிக்கு முடிஞ்சதும் வந்து 'அற்புதமுங்க'ங்குது. 'எந்த எடம் அற்புதம்'னேன். 'எல்லா எடமும்'ங்குது. சுருதி சேர்த்து முடிச்சாச்சான்னு கேட்டப்பவாவது நேர்மையாக் கேட்டுச்சு அந்தப் பொம்பளை!"

கலாமணி தையல் மிஷினை மிதிச்சுக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் நிறுத்தினாங்க. "ஏனுங்க, அந்தச் சத்தம் உங்களுக்கு இப்பவும் அதே மாதிரியா இருக்குது?"

"பின்ன? கூடிட்டே போகுது. தலைக்குள்ள பூந்து உக்காந்துக்குது."

"சரி"ன்னாங்க. ஊசியிலேர்ந்து நூலை உருவி மறுபடி கோத்தாங்க. "சரிங்க. நீங்க வாசிச்சு அனுப்பிருங்க அதை"ன்னுட்டு மறுபடி மிதிக்க ஆரம்பிச்சாங்க. அப்பக்கூட மிஷின் 'ஙொய்ய்ய்ம்'னுதான் ஓடுச்சு அவரு காதுக்கு.

மார்கழி ரெண்டாவது ஞாயிறு. இருவத்திநாலாவது கச்சேரி, கடைசி. மார்கழியில முகூர்த்தம் கிடையாது, மண்டபம் காலியாத்தான் கெடக்கும், ஆனா மாடியில எள்ளு போட்டா எண்ணெய் ஆயிரும், அத்தனை கூட்டம். கறிப்பை ஒண்ணு கூட இல்ல. பொம்பளைங்க பட்டுச் சேலை கட்டிட்டு வந்திருந்தாங்க. ஆம்பளைங்க சட்டைக் கைப்பட்டனைப் போட்டிருந்தாங்க. கலாமணி மொத வரிசையில, பக்கத்துல டீச்சரு, அந்தப் பக்கம் மெதுவா வாசிக்கச் சொன்ன பெரியவரு, கதவுகிட்ட ராக்கியப்பன். எல்லாரும் மூஞ்சியை நேரா வெச்சுக்கிட்டு, இருமாம, செருமாம.

சென்னியப்பன் கிட்டாரை மடியில எடுத்து வெச்சாரு. குழாய் பக்கம் ஒரு பார்வை பார்த்தாரு. வாடின மாலை ஒண்ணு வாஷ்பேசின்ல கெடந்துச்சு. மாலைகூட மாத்தாம விட்டுட்டானுங்க, அத்தனை அலட்சியம்னு பல்லைக் கடிச்சுக்கிட்டாரு. வாசிக்க ஆரம்பிச்சாரு.

ரிஷபத்துலேர்ந்து கெளம்பினாரு. இந்தத் தடவை அவசரப்படல. ஒவ்வொரு ஊர்லயும் எறங்கினாரு, நின்னாரு, ஏறினாரு. போன வருசம் பங்குனியில நடந்த அந்தச் சந்து, சந்துக்குள்ள சந்து, அந்த வாசல். அங்க விரலை வெச்சதும் கை கழுவுற எடத்துச் சத்தமும் இவரு கம்பிச் சத்தமும் ஒண்ணா ஆயிருச்சு, எது எதுன்னு அவருக்கே தெரியல. நெஞ்செலும்பு அதிருது. கால் மணி நேரம் அந்த வாசல்லயே நின்னாரு. வேர்வை மூக்கு நுனியில சொட்டுது. ஒரு பய அசையல. அப்ப, யாரும் தட்டாம யாரும் கூப்பிடாம, அடுத்த வீட்டுக் கதவு தானாத் தெறக்கற மாதிரி, விரல் ஒரு மயிரிழை தள்ளி உக்காந்துச்சு.

அதேதான். ஆறு வருசம், அதுக்கு மேல ரெண்டு வருசம், தேடினது அதேதான். மூணாவது குழாய்க்கு மேல நின்ன சத்தம் ஒரு பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு சுத்து சுத்துச்சு, லேசாச்சு, இன்னும் லேசாச்சு, ஜன்னல் பக்கம் ஒரு ஓரமாப் போச்சு. போயே போச்சு. சென்னியப்பன் விரலை எடுத்தாரு. கம்பி நின்னுச்சு. ஒண்ணுமே இல்ல. ரோட்டுல ஒரு ஆட்டோ போற சத்தம், அதுக்குப் பின்னாடி காக்கா ஒண்ணு. இருவத்தியோரு மாசத்துக்கு அப்புறம் மொத மொதலா ஒண்ணுமே இல்லாத ஒரு அமைதி.

"போயிருச்சு"ன்னாரு. எந்திரிச்சு நின்னுட்டாரு. "போயிருச்சு! கேட்டீங்களா? போச்சுல்ல? அந்தக் கடைசி எடம், அதைக் கேட்டீங்கல்ல?"

சொல்லி வாய் மூடறதுக்குள்ள எரநூறு பேரும் ஒரே நேரத்துல கை தட்டினாங்க. "கேட்டோமுங்க!"ன்னாங்க டீச்சரு. "போயிருச்சுங்க, சுத்தமாப் போயிருச்சு!"ன்னாரு பெரியவரு. பச்சைச் சட்டைக்காரரு எந்திரிச்சு நின்னு தட்டறாரு. கலாமணி கண்ணைத் தொடைச்சுக்கிட்டாங்க. ரெண்டு வருசக் கடுப்பும் சென்னியப்பன் தோள்லேர்ந்து மூட்டை எறங்கற மாதிரி எறங்குச்சு. சிரிச்சாரு. மறுபடி உக்காந்து, கிட்டாரை நிமித்தி, இனிமேதான் கச்சேரியே, இனிமே எங்க போகலாம்னு கண்ணை மூடப் போனாரு.

அப்பப் பார்த்து, தண்ணி கேன் போடுற குப்புராஜ், ரெண்டு கேனைத் தோள்ல வெச்சுக்கிட்டு மூச்சு வாங்கப் படியேறி வந்து, கதவுகிட்ட 'தொப்'புன்னு எறக்கி வெச்சுட்டு, கை தட்டுறவங்களைப் பார்த்துட்டு, துண்டால கழுத்தைத் தொடைச்சுக்கிட்டே கேட்டான்.

"எதுங்கண்ணா போச்சு?"

"சத்தம், குப்பு! கை கழுவுற எடத்துச் சத்தம்! இப்பத்தான் போச்சு, இந்த நிமிசம்!"

"இப்பவா? அது ஆவணி மொத முகூர்த்தத்தன்னிக்கே போச்சுங்களே! பந்தியில பாயசம் ஊத்திட்டு இருந்தாங்க, நான் இதே எடத்துல கேன் எறக்கினேன், 'பொசுக்'குன்னு நின்னு, மேல இருந்த மாலை குழாய்ல விழுந்துச்சு. நாலு மாசமா இந்த மாடியில ஒரு பொட்டுச் சத்தம் கெடையாதுங்களே."

"க்ஹும்!"னாரு ராக்கியப்பன்.

"எதுக்குங்க செருமறீங்க? ஏன் எல்லாரும் என்னைப் பார்த்து மொறைக்கறீங்க?" குப்புராஜுக்கு நெசமாலுமே புரியல. மொத வரிசையில இருந்த கலாமணி பக்கம் திரும்பினான். "ஏனுங்க்கா, அவருக்கு மட்டும் இன்னும் கேட்டுட்டே இருக்குது, எல்லாரும் நல்ல துணியா உடுத்திட்டு வந்து, மூஞ்சியைப் பார்த்து உக்காந்து, போயிருச்சுன்னு சொல்லிக் கை தட்டிட்டுப் போயிருங்கன்னு நீங்கதானே வெத்தலைபாக்கு வெச்சு வீடு வீடா வந்து கூப்புட்டீங்க? எங்க வீட்டுக்கும்தானே வந்தீங்க?"